சஹருக்கு எழும்பும் ஊர், ஓடுவதற்கு எழும்பாதா?



குச்சவெளி உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

"காலையில கொஞ்சம் ஓடுங்க" என்று நம்மூரில் யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று, "அதுக்கெல்லாம் காசு வேணும் சேர், சப்பாத்து என்ன விலை தெரியுமா?" மற்றது, "தொடங்கினா ரெண்டு கிழமை, அதுக்குப் பொறகு மனசு நிக்குதில்ல சேர்." சுபஹ் தொழுதுவிட்டு ஓடப் போகிற எங்கள் ஐந்தாறு பேரிடம் மட்டும் சொல்லப்படுகிற பதில்கள் அல்ல இவை. மருந்து எடுக்கப் போன இடத்தில் "நடங்க, ஓடுங்க" என்று சொன்ன டொக்டரிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வருகிறோம்.

இந்த இரண்டு பதிலையும் எடுத்து வைத்துக் கணக்குப் பார்ப்போம். வாத்திமார் கணக்குப் பார்க்காமல் விடமாட்டோம்.

முதலில் காசு.

சப்பாத்து விலை கூடியது பொய்யல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாச் சாமானும் அதோடு ஏறியது. பிறகு டொலர் 300 ரூபாய்ப் பக்கம் இறங்கினாலும் சப்பாத்தின் விலை பழைய இடத்துக்கு இறங்கி வரவில்லை. பெயர்பெற்ற வெளிநாட்டு ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. கரைவலை இழுக்கிற ஒரு வாப்பா, நாலு பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கவே தடுமாறுகிற ஒரு வாப்பா, தனக்கு முப்பதாயிரத்துக்குச் சப்பாத்து வாங்கவேண்டும் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் ஓடுவதற்கு முப்பதாயிரம் வேண்டும் என்று யார் சொன்னது? கைபேசியில் வருகிற விளம்பரம் சொன்னது. தூரம் காட்டும் கைக்கடிகாரம் வேண்டும், வேர்வை உறிஞ்சும் ரீசேர்ட் வேண்டும், விசேட பானம் வேண்டும் என்பதும் அதே விளம்பரந்தான். இவற்றில் ஒன்றும் இல்லாமல் ஓடலாம். தூரத்தைக் கைபேசியே காட்டும். அதுவும் இல்லாவிட்டால் மைதானத்தைச் சுற்றிவந்த தடவைகளை எண்ணுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு விசேட பானம் தேவையில்லை, வீட்டுத் தண்ணீர் போதும்.

சப்பாத்து மட்டும் நியாயமான செலவு. அதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, வாரத்தில் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி அல்லது 75 நிமிடக் கடுமையான பயிற்சி. ஓட்டம் இரண்டாவது வகை. 75 நிமிடத்தை மூன்று நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 25 நிமிடம். நம்மைப் போன்ற சாதாரண ஆள் அதில் மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுவார். வாரத்துக்குப் பத்தரை, வருடத்துக்கு 550 கிலோமீற்றர் அளவில் வரும். ஓட்டச் சப்பாத்தின் அடிப்பகுதி பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை தாங்கும். ஆக, வருடத்துக்கு ஒரு சோடி. பத்தாயிரம் ரூபாய்க்கு ஓரளவு நல்ல சோடி ஒன்று எடுத்தால் நாளுக்கு 27 ரூபாய். முப்பதாயிரத்துக்கே எடுத்தாலும் நாளுக்கு 82 ரூபாய். சந்தியில் ஒரு ரோல்ஸும் ஒரு பிளேன்டீயும் குடித்தால் அதைவிடக் கூட. ஒரு சிகரட் அதைவிடக் கூட.

"27 ரூபாய் நாளுக்குச் சரி சேர், பத்தாயிரத்தை ஒரே நாளில் எங்க எடுக்கிற?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஏழையின் கஷ்டமே அதுதான். சிறிது சிறிதாகச் செலவழிக்க இருக்கும், மொத்தமாக வைக்க இருக்காது. ஆனால் இந்தக் கஷ்டத்துக்கு நம்முடைய உம்மாமார் எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பெயர் சீட்டு. சீட்டுப் பிடித்துத் தையல் மெசின் வாங்கினோம், பிறிஜ் வாங்கினோம், கலியாணம் முடித்தோம். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் மாதத்துக்கு ஒருவர் காலில் சப்பாத்து. பத்து மாதத்தில் பத்துப் பேர். வட்டியில்லை, கடனில்லை. சேர்ந்து காசு போட்ட பத்துப் பேரும் சேர்ந்து ஓடவும் வருவார்கள் என்பது மேலதிக இலாபம்.

அதுவும் முடியாதவருக்குக் கடற்கரை இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மரதனை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். அவர் சிறு வயதிலிருந்து வெறுங்காலோடு பழகிய மனிதர். நாம் உடனே அப்படி ஓடிவிட முடியாது. ஆனால் அலை நனைத்து இறுகிய மணலில் மெதுவாகத் தொடங்கலாம். இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். கரை கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்து முழங்காலும் இடுப்பும் நோகும். பாதித் தூரம் போய் அதே வழியால் திரும்பி வாருங்கள், இரண்டு காலுக்கும் சமன். அடுத்தது, சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தூண்டில் முள்ளோ போத்தல் ஓடோ குத்தியது தெரியாது. தெரியவரும்போது புண் பெரிதாகியிருக்கும்.

ஆக, காசு ஒரு தடைதான், ஆனால் தாண்டக்கூடிய தடை. இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். மனசு.

வருடம் பிறந்தால் நம்மூர்க் கடற்கரையில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் ஓடுவார்கள். தை மாதம் முடியும்போது நாலு பேர். மாசியில் ஒருவரும் இல்லை. "மோட்டிவேசன் இல்ல சேர்" என்கிறார்கள். மோட்டிவேசன் வீடியோ பார்க்கிறார்கள், பாட்டுப் போட்டு ஓடுகிறார்கள், படம் பிடித்துப் போடுகிறார்கள். பிறகும் நிற்கவில்லை.

பாதி காரணம் உடம்பில் இருக்கிறது. முதல் நாளே ஐந்து கிலோமீற்றர் மூச்சிரைக்க ஓடினால் மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நெஞ்சும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், ஆனால் எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் எடுக்கும். அதனால்தான் "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்லும்போது கால் முறைப்பாடு செய்கிறது. வழி எளிது. நாலு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் ஓடுங்கள், அதையே ஐந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு வாரமும் நடையைச் சிறிது குறைத்து ஓட்டத்தைச் சிறிது கூட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டு ஓட முடிந்தால் வேகம் சரி. பேச முடியாவிட்டால் வேகம் கூட. நாற்பது தாண்டியவர்களும் பிரஷர், நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றப் பாதி காரணம் உடம்பில் இல்லை. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வந்தோம்.

றமழானில் முப்பது நாள் சஹருக்கு எழும்புகிறோம். விடியப்புறம் மூன்றரை, நாலு மணிக்கு. பத்து வயதுப் பிள்ளையும் எழும்புகிறது, எழுபது வயது மூத்தம்மாவும் எழும்புகிறா. மாசியில் ஓட்டத்தை விட்ட அதே தம்பியும் எழும்புகிறான். யாராவது அதற்கு மோட்டிவேசன் வீடியோ பார்த்தோமா? நிய்யத்து இருக்கிறது, அது முதல் விசயம். அமலையும் ஓட்டத்தையும் ஒரு தராசில் வைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அப்படி வைக்கவும் முடியாது. ஆனால் அந்த நிய்யத்துக்கு ஊரே துணை நிற்கிறது. பள்ளியில் அறிவிப்பு வருகிறது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. குசினிச் சத்தம் கேட்கிறது. எழும்பாவிட்டால் ராத்தா கதவைத் தட்டுகிறா. எழும்புகிறவன் வித்தியாசமானவன் இல்லை, எழும்பாதவன்தான் வித்தியாசமானவன். அதனால் அந்த முப்பது நாளும் மனசு நின்றது.

ஓடுகிறவனுக்கு இதில் ஒன்றுமில்லை. அவனுக்கு இருப்பது தனிமை. விளக்கில்லாத வீதி. துரத்தும் நாய். புல்மோட்டை வீதியில் எதிரே வரும் பஸ், நடைபாதை என்று ஒதுங்க இடமில்லை. எல்லாவற்றையும் தாண்டி வந்தால் சந்தியில் நாலு வாய்: "என்ன சேர், நாய் கலைக்குதா?" "ஒலிம்பிக்குக்குப் போறயோ தம்பி?" "வேல வெட்டி இல்லாட்டி இப்பிடித்தான்." ஒரு நாள் சிரிக்கலாம், இரண்டு நாள் சிரிக்கலாம். முப்பதாவது நாள் அந்தச் சந்தி வரும்போது கால் தானாக வேறு ஒழுங்கையால் திரும்பும். நாற்பதாவது நாள் வீட்டை விட்டே வெளிக்கிடாது. இதற்குப் பெயர் மோட்டிவேசன் குறைவு இல்லை. ஒரு மனிதன் தனியாக ஊரோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போவது.

ஓட்டத்தின் பெரிய செலவு சப்பாத்து இல்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான். பெரிய செலவு தனிமை. சப்பாத்தின் விலையைத் தனியாள் எப்படியாவது கட்டலாம். தனிமையின் விலையை ஊர்தான் கட்ட முடியும்.

இந்த விலையை யார் கூடக் கட்டுகிறார்கள் தெரியுமா? நம்முடைய பெண்பிள்ளைகள்.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். சபா, மர்வா என்று இல்லம் பிரித்து மூன்று வாரம் பயிற்சி. தரம் 5, 6 பிள்ளைகள் காற்றாகப் பறக்கிறார்கள். வாப்பாமார் கைதட்டுகிறார்கள். அதே பிள்ளை தரம் 9க்கு வரும்போது ஓட்டப் பட்டியலில் பெயர் இல்லை. யாரும் தடைச்சட்டம் போடவில்லை. "இனி என்ன ஓட்டம்" என்று ஒரு மாமி சொன்னது போதும். பிறகு அந்தப் பிள்ளை வாழ்நாளில் ஒருமுறையும் ஓடாது. கலியாணம், பிள்ளைப்பேறு, முப்பத்தைந்து வயதில் சீனி, நாற்பதில் முழங்கால் நோவு, கிளினிக் கொப்பி. இந்த நாட்டில் பத்து மரணத்தில் எட்டு தொற்றாத நோய்களால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாரடைப்பு, பாரிசவாதம், சீனி, புற்றுநோய் எல்லாம் அதற்குள் வரும். கிளினிக் நாளில் வரிசையில் இருக்கிற நம் உம்மாமாரைப் பார்த்தால் அந்த எண்ணிக்கையை நம்புவது கஷ்டமில்லை.

"மார்க்கம் விடாது" என்று உடனே வருவார்கள். எந்த மார்க்கம்? நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அன்னை ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. முதல் தடவை அன்னையவர்கள் வென்றார்கள். பிறகொரு நாள் நபியவர்கள் வென்றார்கள், முன்னையதற்கு இது சரி என்று சொன்னார்கள். சபையில் இதைப் புன்னகையோடு சொல்லும் நாம், நம் மகள் ஓடுவதாகச் சொன்னால் முகத்தைச் சுருக்குவது ஏன்? பர்தா பேண வேண்டும், இடம் பொருத்தமாக இருக்க வேண்டும் என்றால் சரி, அதில் எங்களுக்கு மறுப்பில்லை. அப்படியானால் பொருத்தமான இடத்தைச் செய்து கொடுப்பது யார் கடமை? இடத்தையும் கொடுக்காமல், இடம் சரியில்லை என்றும் சொன்னால் அது பேணுதல் இல்லை, சாட்டு.

உடுப்பு மூடியிருந்தால் ஓட முடியாது என்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறோம். பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா. தலையையும் உடம்பையும் மூடிய உடையோடு ஓடி, 2006 டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றரில் தங்கம் வென்றார்.

வயது போய்விட்டது என்பவர்களுக்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. கொக்கிளாய்க் கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது முல்லைத்தீவு மாவட்டம். அங்கே முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போனார். 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்று வந்தார். யுத்தம் மிதித்த மண்ணிலிருந்து ஒரு மூத்தம்மா ஓடுகிறார். நாம் முப்பத்தைந்து வயதில் "இனி என்ன" என்கிறோம்.

இன்னும் இரண்டு எதிர்ப்பேச்சு இருக்கிறது. அதையும் விடாமல் எடுப்போம்.

"கடலுக்குப் போறவன், வயலுக்குப் போறவன் ஓடத் தேவையா? அவன் வேலையே உடற்பயிற்சி." உண்மையாக உடம்பால் உழைப்பவருக்கு ஓய்வுதான் தேவை, அவரை நாங்கள் கூப்பிடவில்லை. ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், இன்று ஊரில் எத்தனை பேர் அப்படி? தோணிக்கு இயந்திரம் வந்தது, வயலுக்கு மெசின் வந்தது, இருநூறு மீற்றரில் இருக்கும் கடைக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் ஊரே நடந்தது, சைக்கிள் மிதித்தது. எரிபொருள் தாராளமாக வந்த நாளே மறந்துவிட்டோம். ஆசிரியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள், ஓட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள், நாள் முழுக்கக் கைபேசி பார்க்கிற பிள்ளைகள் என்று நம்மில் பெரும்பாலோர் இருந்த இடத்தில் இருக்கிறோம். ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் உடல் அசைய வேண்டும் என்கிறது அதே சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகள் அந்த ஒரு மணித்தியாலத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்? ஒரு பிரத்தியேக வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போகும் ஓட்டோவில்.

"யுத்தமும் சுனாமியும் கண்ட ஊர், சாப்பாட்டுக்கே வழி பார்க்க வேண்டும், இதுவா இப்ப முக்கியம்?" முக்கியந்தான். உழைக்கிற ஒருவர் ஐம்பது வயதில் பாரிசவாதத்தில் விழுந்தால் அந்த வீட்டின் சாப்பாட்டுக்கு யார் வழி பார்ப்பது? திருகோணமலைக்கும் அதற்கப்பாலும் வானுக்குக் கொடுக்கும் காசு, கூடப் போகிறவர் இழக்கும் கூலி, மருந்துச் செலவு எல்லாம் சேர்த்தால் எத்தனை சோடிச் சப்பாத்து? ஏழைக்குத்தான் உடம்பு மூலதனம். பணக்காரன் விழுந்தாலும் கடை நடக்கும்.

காசில்லை என்றும் சொல்லாதீர்கள். மென்பந்துச் சுற்றுப்போட்டி வைக்கக் காசு வருகிறது. மின்விளக்கு, ஒலிபெருக்கி, ஆள் உயரக் கிண்ணம், பிரமுகர் முகம் போட்ட பதாகை. கிரிக்கெட்டை நாங்கள் எதிர்க்கவில்லை, நடக்கட்டும். ஆனால் ஒரு நேரத்தில் இருபத்திரண்டு பேர் விளையாட, ஊரே நாற்காலியில் இருந்து சோடா குடிப்பதற்கு அவ்வளவு செலவழிக்க முடிந்தால், ஊரே எழும்பி நடப்பதற்கு அதில் பத்தில் ஒன்று செலவழிக்க முடியாதா?

நாங்கள் கேட்பது ஐந்து விசயம். பெரிதாக ஒன்றுமில்லை.

1. மைதானத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு மட்டும். டீச்சர்மார் பொறுப்பெடுப்பார்கள். அந்த நேரம் ஆண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. இதைப் பள்ளி நிர்வாகமும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும், அப்போதுதான் நிற்கும்.

2. மைதானத்தைச் சுற்றி நாலு விளக்கு. பிரதேச சபையிடம் ஊராகச் சேர்ந்து கேட்போம். கிடைக்கும் வரை சூரிய ஒளி விளக்கு இரண்டை நாமே போடலாம்.

3. சப்பாத்துச் சீட்டு. அதோடு கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கிண்ணத்துக்குக் காசு அனுப்புவதற்குப் பதிலாக நாலு சோடிச் சப்பாத்து அனுப்புங்கள். பெரிதாக்காத, அடி தேயாத பழைய சப்பாத்தும் ஏற்போம். கால் வளர்ந்துவிட்ட பிள்ளையின் சப்பாத்து அடுத்த பிள்ளைக்குப் போகட்டும்.

4. சுபஹ் ஜமாஅத் முடிந்து வெளிச்சம் வரும்போது பள்ளி வாசலில் இருந்தே சேர்ந்து புறப்படுவது. நடப்பவர் நடக்கட்டும், ஓடுபவர் ஓடட்டும். வாரத்தில் மூன்று நாள். ஏழரை மணிப் பாடசாலைக்கும் கந்தோருக்கும் நேரம் தாராளமாக இருக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் காலை ஒன்பது மணிக்கே மண் கொதிக்கும், அதனால் இதைவிட நல்ல நேரமும் கிடையாது. யாராவது இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவர் கதவைத் தட்டுவோம், சஹருக்குத் தட்டுகிற மாதிரி. வீதியில் போவதென்றால் வாகனம் எதிரே வரும் பக்கமாக, வெளிர் நிற உடுப்போடு, ஒருவர் பின் ஒருவராக.

5. வாய். இதற்குச் செலவே இல்லை. சந்தியில் இருக்கும் காக்காமாரே, ஓடிவருகிற தம்பியைப் பார்த்து "நாய் கலைக்குதா" என்று கேட்பதற்குப் பதிலாக ஸலாம் சொல்லுங்கள். அவ்வளவுதான். அந்த ஒரு ஸலாம் நாற்பதாவது நாளும் அவனை வீட்டிலிருந்து வெளியே எடுக்கும்.

இதில் யாரையும் ஒலிம்பிக்குக்கு அனுப்பும் திட்டம் இல்லை. பதக்கம் வந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டாலும், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடக்க முடிகிற மூத்தவாப்பாவும், முழங்கால் நோவில்லாமல் ஸுஜூது செய்ய முடிகிற உம்மாவும் ஊரில் கூடினால் அது போதும்.

வருகிற திங்கட்கிழமை சுபஹுக்குப் பிறகு பள்ளி வாசலில் நிற்போம், இன்ஷா அல்லாஹ். சப்பாத்து இல்லாதவர் சிலிப்பரோடு வாருங்கள், நடப்போம். டீச்சர்மார், பெண்கள் நேரத்துக்குப் பொறுப்பெடுக்க விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள். மறுத்துப் பேசுபவர்களும் வாருங்கள். நடந்துகொண்டே வாதாடலாம், மூச்சு வாங்காவிட்டால்.

வஸ்ஸலாம்.